பேரின்பம் அண்ணன் குறைத்த ஒரு சாண்

பேரின்பம் அண்ணன் காலமான செய்தியைச் சிவமலர்தான் தொலைபேசியில் சொன்னாள். "மிஸ், நம்மட தாராக் கார் அண்ணன் போயிட்டார்." யுத்த வருடங்களில் பழுகாமத்தில் நான் மருத்துவமாதாக இருந்தபோது, கர்ப்பிணிகளை வாவிக்கு அக்கரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் சென்றது அவருடைய வாடகைக் கார்தான். வாத்துப்போலத் தணிந்து போகும் அந்தக் காரைத் தாரா என்று பகிடி பண்ணியவர்கள் பலர் இதை வாசிப்பீர்கள். உங்களுக்காகவே எழுதுகிறேன்.

முதலில் அது தாரா அல்ல. றோட்டெல்லாம் குண்டும் கிடங்குமாக இருந்ததால், அதே றிம்மில் பக்கச்சுவர் உயர்ந்த ரயர்களை அண்ணன் மாட்டினார். கார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. "உழவு மெசினுக்குப் பெரிய சில்லு எதுக்கு? இழுக்கத்தானே!" என்று ஊரே மெச்சியது. வயல் வட்டையில் மெசின் உழுவதைப் பார்த்தே வளர்ந்த எங்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அண்ணனும் நம்பினார், நானும் நம்பினேன்.

பிறகு சிவமலரின் முதற்பேறு வந்தது. பாலம் மூடிக்கிடந்ததால் அம்பிளாந்துறைக்குப் போனோம். வாகனங்களை ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் 'பாதை' என்போம். அன்று நீர் கூடியிருந்ததால் அதில் ஏறும் பலகை செங்குத்தாக நின்றது. கார் பாதி ஏறும், திணறும், பின்னால் வழுகும். மூன்று முறை இப்படியே. இனிக் காத்திருக்க முடியாது என்றார் பாதைக்காரர். சிவமலர் இறங்கி, என் தோளைப் பிடித்தபடி நடந்து ஏறினாள். கார் கரையிலேயே நின்றுவிட்டது. அக்கரையில், குருக்கள்மடத்தில் வேறு வாகனம் கிடைக்க ஒரு மணித்தியாலம் சென்றது. பிள்ளை தங்கவில்லை. அந்தத் தாமதத்தால்தான் என்று இன்றும் நான் அறுதியாகச் சொல்லமாட்டேன். ஆனால் அண்ணன் அறுதியாகச் சொன்னார்.

அடுத்த வாரம் அண்ணன் வீட்டுக்குப் போனபோது, ரயரில் வெண்கட்டியால் கோடு போட்டு, முற்றத்தில் ஒரு சுற்று உருட்டி, கயிற்றால் அளந்துகொண்டிருந்தார். உயர்ந்த ரயருக்கு ஒரு முடிச்சு. எங்கேயோ தேடிப்பிடித்த, பக்கம் தணிந்த ரயருக்கு ஒரு முடிச்சு.

"பக்கம் ரெண்டு விரல்தான் உசரம் மிஸ். ஆனா ஒரு சுத்துக்கு ஒரு சாண் கூட ஓடுது. அந்தச் சாணையும் இந்த எஞ்சின்தானே தள்ளணும்? உழவு மெசினுக்கு உள்ளுக்கு இருக்கிற பல்லுச்சில்லு வேற, அதாலதான் அது பெரிய சில்லையும் இழுக்குது. எனக்கு அது விளங்காமப் போச்சே" என்று சொல்லி அழுதார். பழியைப் பலகையின் மேலோ பாதைக்காரர் மேலோ அவர் போடவேயில்லை. அந்த மனிதரை நான் மதிக்கத் தொடங்கியது அன்றுதான்.

தணிந்த ரயர்களோடு கார் தாரா ஆனது. வயிறு கிடங்குகளில் உரசியது, எஞ்சின் கத்தியது, நேர் றோட்டில் சைக்கிள்காரர்கூட முந்தப் பார்த்தார். "காருக்குக் காலை வெட்டிப்போட்டியா பேரின்பம்?" என்று கேட்டவர்களுக்கு அவரிடம் ஒரே பதில்தான். "ஓட்டத்த வச்சு என்னகா செய்யிற? மைல் கட்டைக்கு ஒரு ஆமி சென்றி மறிக்குது. நிண்டு நிண்டு எடுக்கிறத்துக்குத்தான் பலம் வேணும்."

இரண்டு வருடம் கழித்து அதே சிவமலர், அதே அம்பிளாந்துறை. அன்றும் வாவி நிறைந்திருந்தது. பலகையைக் கண்டதும் அவள் கை தானாகக் கதவுக்குப் போனது.

"இறங்கட்டா அண்ணன்?"

"இரு புள்ள. இந்தமுறை நீ இறங்கத் தேவல்ல."

ஒரே இழுவை. பாதையில் ஏறி நின்றபிறகுதான் நான் மூச்சு விட்டேன். என் வாழ்நாளில் வேறெந்த வாகனத்திலும் அவ்வளவு பெருமையோடு நான் இருந்ததில்லை. அன்று பின்னேரம் ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது.

செத்தவீட்டில் அண்ணனின் மனைவி அந்தக் கயிற்றை என் கையில் தந்தார். அதை என் பழைய மருத்துவப் பையில் வைத்திருக்கிறேன், யாருக்கும் கொடுக்கமாட்டேன். சிவமலரின் மகள் மட்டும் அதை வாங்கி, இரண்டு முடிச்சுக்கும் இடையே விரல்களை விரித்துப் பார்த்தாள்.

"இந்தச் சாணுக்குள்ள என்னம்மா இருக்கு?"

"நீதான் புள்ள" என்றாள் சிவமலர்.