மதாம் எடுக்காத தொலைபேசி

பிரித்தானிய நாடாளுமன்றத்துக்கு ஒரு பெண் தெரிவான செய்தி, இந்தக் கண்டத்திலேயே முதன்முதலாக வந்து விழுந்தது என்னுடைய இடது காதில்தான். வானொலிக்காரனுக்கு அது பிறகுதான் தெரியும். பத்திரிகைக்காரனுக்கு அடுத்த நாள். எனக்கு அப்போது பத்து வயது.

இதைச் சொன்னால், மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் என் கல்யாண மண்டபத்துக்கு நாள் கேட்டு வருகிற டாக்டர்மாரும் எஞ்சினியர்மாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒன்பதாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டுச் சாப்பாட்டுக் கடையில் ரோல்ஸ் உருட்டப் போனவள் நான். இன்றைக்கு அவர்களுடைய பிள்ளைகளின் கல்யாணத்துக்கு நாள் கிடைக்குமா கிடைக்காதா என்று சொல்கிறவளும் நான்தான். வாசலில் என் முழுப் பெயரும் எழுதிய பலகை இருக்கிறது. பலகை கட்டடத்தைவிட நீளம் என்று கேலி செய்வார்கள். அது ஏன் அவ்வளவு நீளம் என்பதும் இந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் நாங்கள் மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடியில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, அண்ணன், நான். எதிர்க் கதவில் இருந்தவரை எங்கள் வீட்டில் எல்லோரும் மதாம் என்றுதான் சொல்வோம். மொரோக்கோவிலிருந்து வந்த யூதப் பெண். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் கல்யாணம் முடித்து லண்டனில். மதாம் பேசியது பிரெஞ்சு. எங்கள் வீட்டில் அதற்குப் பதில் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான். நான் படித்த பள்ளிக்கூடத்தில்தான் அண்ணனும் பிரெஞ்சு படித்தான், ஆனால் அவனுக்கு வாயைத் திறக்க வெட்கம். வெட்கம் என்ற சாமானோடு நான் பிறக்கவேயில்லை. ஆகவே இங்கே மதாம் சொல்வதெல்லாம் பிரெஞ்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது எங்கள் தமிழாகத்தான் நினைவில் நிற்கிறது.

வெள்ளிக்கிழமை பொழுதுபட்டால் மதாமுக்குச் சபாத் என்ற யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கிவிடும். சனிக்கிழமை இருட்டும் வரைக்கும் விளக்குப் போட மாட்டார், அடுப்பு மூட்ட மாட்டார், தொலைபேசியைத் தொடவே மாட்டார். தனக்காக இதைச் செய் என்று இன்னொருவரிடம் கேட்கவும் கூடாதாம். ஆனால் சும்மா பேசலாம். முதல் வெள்ளிக்கிழமை எங்கள் கதவைத் தட்டி, "என்ர குசினி ஒரே இருட்டாக் கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றார். நான் அம்மாவுக்குச் சொன்னேன்.

"இருட்டெண்டா லைற்றைப் போட வேண்டியதுதானே? அதை ஏன் எங்களிட்ட வந்து சொல்லுறா?" என்றார் அம்மா.

எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் பெரியம்மா வீட்டுக்கு வந்தால், தேத்தண்ணி தா என்று ஒருநாளும் கேட்க மாட்டார். "தொண்டை வரண்டு போச்சு" என்று கூரையைப் பார்த்துச் சொல்வார். அந்தப் பள்ளிக்கூடத்தில் தேறியவளுக்கு மதாம் எம்மாத்திரம்? ஓடிப்போய் அவர் சமையலறை விளக்கைப் போட்டேன். "மேசையில கேக் கிடக்கு. சாப்பிட ஒருத்தருமில்லை" என்றார் மதாம். அதுவும் விளங்கியது. அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பொழுதுபடுகிற நேரம் நானே அவர் வீட்டுக்குப் போய், எது இருட்டாக இருக்கிறது என்று பார்ப்பேன்.

மகளைப் பற்றி மதாம் பேசாத நாளில்லை. பேசினால் பாதி பெருமை, பாதி திட்டு. லண்டனில் வாடகை வீடுகளின் சுவரில் ஈரம் ஊறிப் பிள்ளைகளுக்கு இருமல் வருகிறது என்று அயல்வீட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு நகரசபைக்குப் போனாராம் மகள். போனவர் அடுத்த தேர்தலில் அந்தச் சபையிலேயே உறுப்பினராகி உட்கார்ந்துவிட்டார். பிறகு நாடாளுமன்றத்துக்கு நின்றார். கட்சி கொடுத்தது எப்படியும் தோற்கிற தொகுதி. தோற்றார். இன்னொரு முறையும் தோற்றார். அவருடைய பெயர் நீளமாம், வெளிநாட்டுப் பெயராம், வாக்குச்சீட்டில் கணவரின் சின்னக் குடும்பப் பெயரைப் போடச் சொன்னார்களாம் கட்சிக்காரர். மாட்டேன் என்றுவிட்டார்.

மதாமின் பயம் அதில்தான் இருந்தது. "எங்கட பேரை நாங்களே கொண்டுபோய்ச் சனத்தின்ர முன்னால ஒட்டுறதோ? சும்மா இருந்தாலே தேடி வருவாங்கள்" என்பார். யார் தேடி வருவார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவுமில்லை. கேக் வாயில் இருக்கும்.

அந்த மார்கழியில் ஓர் இடைத்தேர்தல் வந்தது. இந்த முறை வெல்லக்கூடிய தொகுதி. வியாழக்கிழமை வாக்களிப்பு முடிந்து அன்றிரவே எண்ணியிருக்க வேண்டியது. ஆனால் இங்கிலாந்தில் பனி கொட்டிவிட்டதாம், பெட்டிகளை வெள்ளிக்கிழமை எண்ணுகிறார்களாம். எவ்வளவு பனி என்று கேட்டேன். மதாம் இரண்டு விரலைக் காட்டினார். நாங்கள் இடுப்பளவு பனியில் பள்ளிக்கூடம் போகிற ஆட்கள். அந்த நாட்டின் மேல் எனக்கிருந்த மரியாதை அன்றைக்கே போய்விட்டது.

எண்ணிக்கையும் இழுபட்டது. வித்தியாசம் சின்னதாக இருந்ததால் திரும்ப எண்ணினார்கள், பிறகும் திரும்ப எண்ணினார்கள். மதியம் எடுத்த அழைப்பில் மகள் தாயோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். முடிவு வருகிற நேரம் மொன்றியலில் சபாத் தொடங்கியிருக்கும். அம்மா, நீங்கள் எடுக்கத் தேவையில்லை, காதால் கேட்டால் போதும். தோற்றால் இரண்டு தரம் மணி அடித்ததும் நிற்பாட்டுவேன். வென்றால் விடாமல் அடிப்பேன் என்றாராம்.

இந்த ஏற்பாடு அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்றைக்குச் சொல்ல ஒரு கதையும் இருந்திருக்காது.

நான் போனபோது மெழுகுதிரி இரண்டும் எரிந்துகொண்டிருந்தன. மதாம் உட்காரவில்லை. சுவரோரம் இருந்த தொலைபேசிக்கு முன்னால், நல்ல சட்டை போட்டு, கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார். வீட்டில் எதுவும் இருட்டாக இல்லை. கேக் இருந்தது, ஆனால் அதைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. ஏதோ பெரிய விஷயம் என்று எனக்குப் பட்டது.

மணி அடித்தது. மதாமின் உதடு அசைந்தது. இன்னொரு முறை அடித்தது. மதாம் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகும் அடித்தது.

மதாமின் கண் அகல விரிந்தது. என் பக்கம் திரும்பி, "அடிக்குது! இன்னும் அடிக்குது! கேக்குதோ பிள்ளை, இன்னும் அடிக்குது!" என்றார்.

குசினி இருட்டாகக் கிடக்கிறது என்றால் விளக்கைப் போட வேண்டும். தொலைபேசி அடிக்கிறது என்றால்? நான்தான் குறிப்பறிவதில் கெட்டிக்காரியாயிற்றே. பாய்ந்துபோய் ரிசீவரைத் தூக்கிவிட்டேன்.

முதலில் கேட்டது ஆரவாரம். ஒரு மண்டபம் நிறையச் சனம் கூவுகிற சத்தம். பிறகு அதற்கு முன்னால் ஒரு பெண்குரல், திகைத்துப்போய், "ஹலோ?" என்றது. பிறகு பிரெஞ்சில், "ஆர் நீ? ஆர் போனை எடுத்தது? அம்மாவுக்கு என்ன?"

அந்த வீட்டில் சபாத் நாளில் ஒருவர் தொலைபேசியை எடுக்கிறார் என்றால் அதற்கு உயிராபத்து என்ற ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

நான் மரியாதையாகப் பதில் சொன்னேன். "நான் எதிர்வீட்டுப் பிள்ளை. மதாம் இங்கதான். ஆனா அவவால கதைக்கேலாது."

"கடவுளே! விழுந்திட்டாவோ? மூச்சு வருதோ?"

"மூச்சு வருது. சுவரோட சாஞ்சு நிக்கிறா. கையை அசைக்கிறா இல்லை."

சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் லண்டனில் அந்தப் பெண் "அம்மா! அம்மா!" என்று ஓலமிட்டுக் குழறிய குழறல், ரிசீவரைத் தாண்டி வந்து அறை முழுக்கக் கேட்டது. பின்னால் அவருக்காகக் கை தட்டிக்கொண்டிருந்த மண்டபமும் அப்படியே அடங்கிப்போனது. நான் பயந்துபோய் ரிசீவரை மதாமிடம் நீட்டினேன். நெருப்பை நீட்டியதுபோல் மதாம் பின்வாங்கி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். நான் நீட்டிய கையை மடக்கவில்லை. மகள் அங்கே குழறுகிறார். மதாம் தொலைபேசியைப் பார்க்கிறார், மெழுகுதிரியைப் பார்க்கிறார்.

பிறகு அவர் வாயைத் திறந்தார். தொலைபேசியோடு பேசவில்லை. என்னோடு பேசினார். பிள்ளையோடு பேசக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லையே. மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரிப் பேசினார்.

"பிள்ளை! என்னைப் பார். எனக்கு ஒண்டுமில்லை. ரெண்டு காலிலயும் நிக்கிறன். பின்னேரம் சூப்பும் குடிச்சனான்!"

குழறல் நின்றது.

"நான் வேண்டாம் எண்டு சொல்லச் சொல்லக் கேட்டனியோ? கேக்கேல்லை. கேக்காமத்தானே இதைச் செய்தனீ? நல்ல வேலை செய்தாய்! இனியும் நான் சொல்லுறதைக் கேளாதை!"

வேண்டாம் என்று அவர் எனக்கு எப்போது சொன்னார் என்று யோசித்தேன். ரிசீவரை எடுத்ததைத்தான் சொல்கிறார் என்று விளங்கியது. கை நோகத் தொடங்கியிருந்தது. ஆனாலும் நல்ல வேலை செய்தாய் என்று எனக்கு ஒருவர் சொல்லி இந்த நாட்டில் அதுதான் முதல் தடவை, ஆகவே நிமிர்ந்து நின்றேன்.

மதாமின் சத்தம் உடைந்தது. "நான் பயந்தனான், பிள்ளை. ஒவ்வொரு நாளும் பயந்தனான். பயப்பிடுறது என்ர வேலை. அது உன்ர வேலை இல்லை. உன்ர பேர் நீளம்தான். நீளமாவே இருக்கட்டும். ஆருக்காகவும் அதை வெட்டாதை. வாசிக்கத் தெரியாதவன் வாசிச்சுப் பழகட்டும்!"

இதுவும் எனக்குத்தான் என்று நினைத்தேன். ஏனென்றால் என் பெயர் சிவகாமசுந்தரி. பள்ளிக்கூடத்தில் ரீச்சர் அதைச் சிவா என்று வெட்டி வைத்திருந்தார். இது மதாமுக்கு எப்படித் தெரியும் என்று ஆச்சரியப்பட்டேன்.

ரிசீவருக்குள் இப்போது அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தது. காதில் வைத்தேன். "பிள்ளை, அம்மாவிட்டச் சொல்லு. வெண்டிட்டன் எண்டு சொல்லு."

"வெண்டிட்டாவாம்!" என்று கத்தினேன். மதாம் சுவரில் சாய்ந்தபடி மெதுவாகக் கதிரையில் உட்கார்ந்து, முகத்தை முந்தானைபோலக் கிடந்த சால்வையால் மூடிக்கொண்டார். நான் ரிசீவரை வைத்துவிட்டு, குறிப்புக்குக் காத்திராமல் கேக்கை வெட்டிக்கொண்டேன்.

வீட்டுக்கு ஓடி வந்து விஷயத்தைச் சொன்னேன். "இங்கிலாந்து எங்களிட்டக் கேட்டுத்தானே எல்லாம் செய்யிறது" என்று அண்ணன் சிரித்தான். திங்கட்கிழமை வகுப்பில் ரீச்சர் சிவா என்று கூப்பிட்டபோது நான் எழும்பவில்லை. முழுப் பெயரையும் கரும்பலகையில் எழுதினேன். அந்த மனுஷி அதைச் சொல்லிப் பழகக் கோடை விடுமுறை வந்துவிட்டது. ஆனால் பழகினார்.

மதாமின் மகள் அந்த நாடாளுமன்றத்தில் நெடுங்காலம் இருந்தார். ஈரச் சுவர் வீடுகளைப் பற்றித்தான் முதலில் பேசினாராம். கொஞ்சக்காலம் துணை அமைச்சராகவும் இருந்தார். அவர் பெயரை வெட்டச் சொன்னவர்கள் பெயர் இப்போது யாருக்காவது தெரியுமா? நானோ, அன்று மதாம் எனக்குச் சொன்னவற்றை வைத்தே பிழைத்தேன். வங்கிக்காரன் கடன் தர மறுத்தபோது, பயப்பிடுறது என்ர வேலை இல்லை என்று அடுத்த வங்கிக்குப் போனேன். பலகைக்குப் பெயர் எழுத வந்தவன் சுருக்கலாமா என்று கேட்டபோது அவனையே மாற்றினேன். என்னிடம் வேலை செய்கிறவர்களிடமும் சொல்வேன்: எனக்குப் பத்து வயதில், முகத்துக்கு நேரே ஒரு மனுஷி சொன்ன சொல் இது.

அண்மையில் என் மகள் லவால் நகரசபைத் தேர்தலுக்கு நின்றாள். மின்கம்பம் எல்லாம் அவள் முகமும் எங்கள் பெயரும். ஒன்றில் யாரோ முகத்தின் மேல் கரியால் கோடு கிழித்திருந்தான். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. எங்களுக்கு ஏன் இந்த வேலை என்று அவளோடு நாளும் பொழுதும் சண்டை பிடித்தேன். எண்ணிக்கை நாளில் அழைத்தாள். பின்னால் சனத்தின் சத்தம். "அம்மா, கொஞ்சத்தில தோத்திட்டன்" என்றாள். அடுத்த முறை வெல்வாள், அது வேறு விஷயம். அப்போது அவளுக்குக் கொடுக்க என்னிடம் இருந்த விலை கூடிய சாமானை எடுத்தேன்.

"பயந்தனான், பிள்ளை. பயப்பிடுறது என்ர வேலை. அது உன்ர வேலை இல்லை" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் என் குரல் உடைந்தது. மதாமின் குரல் உடைந்த அதே இடத்தில். அந்தச் சொல் யாருக்கென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இத்தனை வருடமும் இன்னொருத்தியின் சீதனத்தை நான் கழுத்தில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்கிற எண்ணமில்லை. கை நோகப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான்.

ஆனால் பத்து வயதில், மதாம் வீட்டில் நின்ற அன்றைக்கே ஒன்றைக் கவனித்திருந்தேன். என்னைப் பார் என்று சொன்ன மதாம், என் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்சம் தள்ளி, ரிசீவரை நீட்டிய என் கைப்பக்கமாகவே பார்த்துப் பேசினார், கண் வெட்டாமல். வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் இரகசியமாகச் சொன்னேன்: "அண்ணை, ஒருத்தருக்கும் சொல்லாதை. மதாமுக்கு மாறுகண். இண்டைக்குத்தான் கண்டுபிடிச்சனான்."