அழாத பிள்ளை

பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியின் குழந்தைகள் கிளினிக்கில், பக்கத்து நாற்காலியில், கணவரின் குளிர் ஜாக்கெட்டைப் போர்த்திக்கொண்டு ஒரு யாழ்ப்பாணத்து அக்கா தன் இரண்டாவது குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். அடிக்கடி அதன் நாப்பியைத் தொட்டு ஈரம் பார்த்தார்.

"எங்க பையன் ரொம்ப சமத்துக்கா, அழறதே இல்ல," என்று என் மடியில் இருந்தவனைக் காட்டினேன்.

சட்டென்று அவன் நாப்பியையும் தொட்டார். "ஈரம் இருக்கு. பயமில்லைத் தம்பி."

பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "என்ர மூத்தவளும் அழேல்லை. நல்ல பிள்ளையெண்டு சந்தோசப்பட்டன். என்ர பால் அவளுக்குக் காணாமல் சோர்ந்து கிடந்திருக்கிறாள். நாப்பி காய்ஞ்சிருந்ததை நான் கவனிக்கேல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகேக்கை பிந்திட்டுது. அவளைத் திருப்பி வீட்டை கொண்டுவரேல்லை. உங்கட மனுசியிட்டச் சொல்லுங்கோ, தாய்ப்பால் காணாட்டிப் புட்டிப்பாலும் குடுக்கட்டும். அதில வெக்கமில்லை."

அவர் குழந்தை திடீரென்று வீறிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் உடனே சமாதானப்படுத்தவில்லை. கண்ணை மூடி, அந்த அழுகையைச் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.