கல்யாணத்துக்குப் பிறகு ஒரே வசனம்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ‘மறுபடி அக்கா’ என்று பெயர். ஒரு வீடியோ கேம் விற்பனைக்குப் போவதற்கு முன் அதை ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது எங்கள் வேலை. பிழையை எழுதிப் போடுவோம். மேல்மாடியில் நிரல் எழுதுகிறவர்கள் திருத்துவார்கள், இல்லையென்றால் ‘இது பிழை அல்ல’ என்று மூடிவிடுவார்கள். அவர்கள் மூடினால் நாங்களும் வாயை மூடிக்கொள்வோம். அக்கா மட்டும் மறுபடி திறப்பார்.

நாற்பத்து நான்கு வயது. வலது மணிக்கட்டில் பட்டை, நாற்காலியில் வீட்டிலிருந்து கொண்டுவந்த தலையணை. ஆறு மாதத்துக்கொரு முறை புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். எனக்குப் பக்கத்து மேசை என்பதால் அவர் படுகிற எரிச்சல் எல்லாம் எனக்கும் சேர்த்துத்தான்.

அப்போது எங்கள் கையில் இருந்த கேமில் நாயகனோடு ஒரு வில்லாளிப் பெண் வருவாள். வழி சொல்வாள், கோபித்துக்கொள்வாள், நாயகன் அசடு வழிந்தால் நக்கலடிப்பாள். நான்கு மாதமாக அக்கா அவளோடுதான் குடித்தனம். “என்னைவிட வாயாடிடீ இவ” என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்.

பனிமலைக் கட்டத்தில் நாயகனுக்குக் கம்பளிக் கோட்டு, அவளுக்கு வயிறு தெரிகிற கவசம். அக்கா பிழை போட்டார். ‘அழகுக்காக’ என்று மூடினார்கள். அதை மட்டும் அவர் விட்டுவிட்டார். “தொலையட்டும். வாயாவது இருக்கே.”

ஐந்து பரிசு கொடுத்தால் அவளுக்குக் காதல் வந்துவிடும். வளையலோ குதிரையோ, எதைக் கொடுத்தாலும் சரி, நடுவில் அவளைத் திட்டித் தீர்த்தாலும் சரி, ஐந்து ஆனால் கல்யாணம். முதலிரவுக் காட்சிக்கு ஆறு பேர் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். திரைச்சீலை அசைவதற்கே தனியாக ஒரு ஆள்! மறுநாளிலிருந்து அவள் நாயகன் வீட்டில், மெல்லிய உடையில், இடுப்பு இரண்டு விரல் இளைத்து, அடுப்பருகே நிற்பாள். எதைக் கேட்டாலும் ஒரே வசனம்: “வந்துட்டீங்களா? உங்களுக்காகத்தான் காத்திருந்தேன்.”

அக்கா எழுதினார்: ‘கல்யாணத்துக்குப் பிறகு வில்லாளி பேசுவதில்லை. தீவிரம்: அதிகம்.’ மூடினார்கள். மறுபடி திறந்தார். நாற்பது நாள் வீட்டுக்குப் போகாமல் இருந்து பார்த்தார், கூரைக்குத் தீ வைத்துப் பார்த்தார், ரத்தம் சொட்டச் சொட்ட வாசலில் போய் நின்று பார்த்தார். வந்துட்டீங்களா? அத்தனைக்கும் படம் எடுத்து இணைத்தார். ஏழு தடவை மூடினார்கள்.

“வீட்ல ஏதாவது பிரச்சினையாக்கா?” என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். என்னை எரிப்பதுபோல் பார்த்தார்.

“எங்க வீட்டுக்காரர் வாயை மூடினாத்தான்டி பிரச்சினை. காலையில ஆரம்பிச்சா நிறுத்தறதே இல்ல. என் குடும்பத்தை இதுல இழுக்காத. இவளுக்கு என்னாச்சுன்னு கேளு.”

கடைசியில் மேலாளரே இறங்கி வந்தார். அக்காவைவிடப் பத்து வயது சின்னவர்.

“அக்கா, ஆடறவனுக்குக் கிடைக்க வேண்டியது கிடைச்சாச்சு. அதுக்கப்புறம் அவ என்ன பேசணும்?”

“கிடைச்சாச்சுன்னா? அவ என்ன தம்பி, பரிசுப் பொட்டலமா?”

“ஒரே ஒரு தடவை மேல பேசிப் பார்க்கிறேன். அதுக்கப்புறமும் இதைப் பிடிச்சுத் தொங்கினீங்கன்னா உங்க ஒப்பந்தத்துல நான் கையெழுத்துப் போட மாட்டேன். சொல்லிட்டேன்.”

அக்கா மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிக்கொண்டு மறுபடி ஆட உட்கார்ந்தார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. திரைச்சீலைக்கு ஆள் இருக்கிறது, அவளுக்கு நாலு வரி எழுத ஆள் இல்லையாம்!

வெள்ளிக்கிழமை மதியம் பதில் வந்தது: ‘சரி செய்யப்பட்டது. பார்த்து மூடவும்.’ அக்கா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. “வாடி, என்ன பேசறான்னு கேக்கலாம்.” ஐந்து பரிசையும் அவசர அவசரமாகக் கொடுத்தார். கல்யாணம், திரைச்சீலை, விடியல். வீட்டுக்குள் போனோம்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் இல்லை. அக்கா மாடிக்கு ஏறினார், கிணற்றடிக்குப் போனார், தொழுவத்தில் எட்டிப் பார்த்தார். நானும் திரையில் மூலை மூலையாகக் காட்டிக்கொண்டே இருந்தேன். எங்கும் இல்லை.

மேலாளரைக் கூப்பிட்டோம். “ஒரே வசனம்தானே உங்களுக்குக் குறை?” என்றார் சாவகாசமாக. “இப்ப அந்த வசனமே வராது. ஆளையே எடுத்துட்டாங்க. மூடிடுங்க.”

“அக்கா, மூடிடுக்கா. உனக்கு வேலை வேணும்” என்று கெஞ்சினேன். அக்கா மூடினார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த நிமிடம் புதிதாக ஒன்றைத் திறந்து எழுதினார்: ‘மனைவியைக் காணோம்.’ தீவிரம் கேட்கிற இடத்தில் இருப்பதிலேயே பெரியதைத் தேர்ந்து அனுப்பினார். மாத முடிவில் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

அவர் போன மறுநாள் அந்தப் பிழை மூடப்பட்டு என் பெயருக்கு வந்தது. அடியில் ஒரே வரி எழுதியிருந்தார்கள்: ‘வெளியிலிருந்து முந்நூறு பேரை ஆட வைத்துப் பார்த்தோம். ஒருவரும் தேடவில்லை.’