வேதபாடத்தில் முதலாமவர்

எங்கள் கல்லூரி விடுதியின் வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்ற காலைப்பொழுது இன்றும் என் நினைவில் துலக்கமாக இருக்கிறது. மேல்விஷாரத்துத் தோல் வியாபாரி ஒருவர் அதிலிருந்து இறங்கினார். பெட்டியைக் கட்டுவதற்குக் கயிறும் கொண்டுவந்திருந்தார். அவருடைய மகன் என் அறைத்தோழர். வேலூரில் நாங்கள் பயின்றது மிஷன் கல்லூரி. எம்மதத்து மாணவராயினும் வேதபாடம் என்ற பைபிள் வகுப்பில் அமர்ந்து, ஆண்டிறுதியில் அதற்குரிய தேர்வையும் எழுதவேண்டும் என்பது அங்கே விதி. அவ்வாண்டு அத்தேர்வில் என் தோழர் முதலிடம் பெற்றிருந்தார். செய்தி ஊரை எட்டியபோது அதற்கு ஒரே பொருள்தான் கொள்ளப்பட்டது: பையன் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிவிட்டான். படிப்பை நிறுத்தி மகனைத் தோல் மண்டியில் உட்காரவைப்பதென்று தகப்பனார் முடிவு செய்துவிட்டார். இண்டர்மீடியட் முடிய ஓராண்டே எஞ்சியிருந்தது.

ஆம்பூர்ப் போதகரின் மகனும் எங்கள் வகுப்பினரே. முடிவுகளைத் தவறாக ஒட்டிவிட்டார்கள், முதலில் வந்தது தாமே என்று பெரியவரிடம் சொல்லிவிடுவதாக அவர் நல்லெண்ணத்தோடு எங்களிடம் கிசுகிசுத்தார். என் தோழர் இசையவில்லை. தகப்பனார் முன் போய் நின்று, "பொய் சொல்லித்தான் நான் முஸ்லிம்னு காட்டிக்கணுமா, அத்தா?" என்றார்.

பெரியவர் என் நெற்றித் திருநீற்றைப் பார்த்து, நான் எத்தனையாவது என்று வினவினார். இரண்டாவது என்றேன்.

"அப்போ பாதிரி புள்ள?" என்று ஆம்பூர்க்காரர் பக்கம் திரும்பினார்.

மூன்றாவது என்று போதகர் மகனே தலைகுனிந்து ஒப்புக்கொண்டார். பெரியவரின் தாடிக்குள் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்து மறைந்தது.

"இன்னா காலேஜ்டா இது. அப்படி இன்னாதான் எழுதினே?" என்றார் மகனிடம்.

"யோசேப்பு சரித்திரம் கேட்டிருந்தாங்க, அத்தா. நம்ம யூசுப் நபிதான். அண்ணனுங்க கெணத்துல போட்டது, செய்யாத தப்புக்கு ஜெயிலுக்குப் போனது, கடைசியில அவங்களையே மன்னிச்சது. சின்ன வயசுல நீங்க சொன்னத அப்படியே இங்கிலீஷ்ல எழுதினேன்."

பெரியவர் கொண்டுவந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டார். பின்னர், "அப்போ மொதல்ல வந்தது நான்தானேடா" என்றார்.

ஜட்கா அவரோடு மட்டும் திரும்பியது.

மதம் வேறானால் ஒழுக்கமும் வேறாகும் என்று வாதிட இன்றைய கல்லூரி இளைஞர்கள் என்னிடம் வருவதுண்டு. எதிர்வாதம் செய்வது என் வழக்கமன்று. எங்கள் பரிசளிப்பு விழாவைப் பற்றி மட்டும் அவர்களுக்குச் சொல்வேன். வேதபாடப் பரிசுக்கு மகனின் பெயர் வாசிக்கப்பட்டபோது, முன்வரிசையில் இருந்த பெரியவர் மகனுக்கு முன்பாகத் தாமே எழுந்து நின்றுவிட்டார்.