சிரிக்கிற ஆள்

நிஷாந்திக்குப் படம் வரைய வராது. இதை அவள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பதினொரு வருடமாகப் பிள்ளை மடுவம் நடத்துகிறாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் கொண்டுவந்து விட்டால், பதினெட்டுப் பிள்ளைகளும் சாயங்காலம் வரை அவள் பொறுப்பு. எழுத்துத் தெரியாத வயது என்பதால் ஒவ்வொரு பிள்ளையின் கோப்பைக்கும் பாய்க்கும் பை மாட்டும் ஆணிக்கும் ஒரு படம் வரைந்து ஒட்டியிருந்தாள். குடை, பஸ், கூடை, தேநீர்க் கேத்தல், கோழி. கோழி கிடைத்த விஜிதரன் அது கேத்தல்தான் என்று முதல் நாளே சாதித்துவிட்டான்.

"கோழிடா. வாலு தெரியலையா?"

"அது கேத்தல் புடி, டீச்சர்."

மூன்று வயதுக்காரனோடு மல்லுக்கட்டி என்ன ஆகப்போகிறது? அன்றிலிருந்து மடுவத்தில் இரண்டு கேத்தல்.

கோழி கேத்தலானால் போகட்டும். ஒரு படத்தை மட்டும் அப்படி விட முடியவில்லை. பூச்சிமருந்துக் கேன்களில் இருக்கும் மண்டையோட்டுப் படம். போன வருடம் மேல் டிவிசனில் ஒரு பிள்ளை, புல்லுக்கு அடிக்கிற மருந்தின் மிச்சத்தைச் சோடா என்று நினைத்துக் குடித்துவிட்டது. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. உயிர் தப்பியது, பழைய குரல்தான் திரும்பவில்லை. பார்க்கப் போன நிஷாந்தியிடம், "படம் போட்டிருந்துச்சு டீச்சர், ஆனா அவரு சிரிச்சாரு" என்று கரகரத்த குரலில் சொன்னது. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். தன் பிள்ளைகளில் ஒன்றுக்கு இப்படி ஆகிவிட்டால் அந்தத் தாயின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயம் அன்று பிடித்தது.

மறுநாளே பெரிய அட்டையில் மண்டையோட்டை வரைந்து மாட்டினாள். அது ஒன்றுதான் அவளுக்கு உருப்படியாக வந்த படம்.

"இது யாரு?"

"சிரிக்கிற ஆளு!" என்றன பதினெட்டும்.

"சிரிக்கல. செத்துப்போயிட்டாரு."

"பல்லு தெரியுதே டீச்சர்?"

பல் தெரிந்தால் சிரிப்பு. இதற்கு அவள் படித்த ஒரு வருடப் பயிற்சியில் பதில் இல்லை. பயமுறுத்திப் பார்த்தாள். அவருக்கு ஏன் சட்டை இல்லை, குளிராதா என்று ஒருத்தன் கவலைப்பட்டான். மூன்று கிழமை போனது. படத்துக்குத் தினமும் காலை வணக்கம் சொல்லும் அளவுக்குப் பிள்ளைகள் பழகிவிட்டார்கள்.

கடைசியில் வழி மலையிலிருந்துதான் வந்தது. மருந்தடித்த மலையில் சிவப்புத் துணி கட்டிய குச்சி நட்டிருப்பார்கள். அது இருந்தால் அந்தப் பக்கம் யாரும் கொழுந்தெடுக்கப் போவதில்லை.

"செவப்புத் துணியைப் பாத்தா ஒங்க அம்மா என்ன செய்வாங்க?"

"திரும்பி வந்துருவாங்க!"

அப்பாடா என்றிருந்தது. பழைய சிவப்புப் பாவாடை ஒன்றைக் கிழித்து ஆளுக்கு மூன்று துண்டு கொடுத்தாள். அந்த ஆள் எங்கே இருந்தாலும் துணியைக் கட்டிவிட வேண்டும், அப்புறம் தொடக்கூடாது, குடிக்கக்கூடாது. கூடவே ஒரு சட்டமும் போட்டாள். இனி யாராவது 'சிரிக்கிறாரு' என்று சொன்னால், சுவரோரப் பாயில் பத்து எண்ணும்வரை உட்கார வேண்டும்.

இரண்டு நாளில் லயத்து வீடெல்லாம் சிவப்பு. நாலு வீட்டில் சரியாக மருந்துப் போத்தலில் கட்டியிருந்தார்கள். விஜிதரன் பாகற்காய்க் கறிச் சட்டியில் கட்டினான். இன்னொருத்தி அப்பாவின் பிரம்பில் கட்டினாள். தாய்மார் சண்டைக்கு வந்தார்கள். நிஷாந்திக்கோ உள்ளூரச் சந்தோஷம். தொடக்கூடாது என்பது புரிந்துவிட்டதே!

அதற்கடுத்த திங்கட்கிழமைதான் நாலு வயது தனுஷிகா முந்தானையைப் பிடித்து இழுத்தாள். வாய் திறந்து பேசாத பிள்ளை.

"டீச்சர், அங்க சிரிக்கிறாரு."

"மறுபடி அந்தப் பேச்சா? போ, ஒக்காரு."

தனுஷிகா போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு மடுவத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. சோற்றையும் தள்ளிவிட்டாள். புதன்கிழமை அவளுடைய அம்மா வந்து நின்றாள்.

"வீட்டுக்கு வந்ததும் மூணு கோப்பை தண்ணி குடிக்குது டீச்சர். இங்க குடுக்குறதில்லையா?"

"ஒங்க மகளுக்கு அழுத்தம் ஜாஸ்திங்க" என்றாள் நிஷாந்தி, முகத்தில் அடித்த மாதிரி.

வியாழக்கிழமை காலை, மடுவத்துத் தண்ணீர்ப் பரலின் குழாயில் சிவப்புத் துணி சுற்றியிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ஆபீசிலிருந்து நீலப் பெயின்ட் அடித்து அனுப்பிய பிளாஸ்டிக் பீப்பாய் அது. சமையலுக்கும் குடிக்கவும் அதே தண்ணீர்தான். எந்தக் குரங்கு வேலை இது என்று முணுமுணுத்தபடி அவிழ்க்கப் போனாள். முடிச்சு இறுகியிருந்தது. முழங்கால் போட்டு உட்கார்ந்தாள்.

குழாய்க்குக் கீழே, நாலு வயதுப் பிள்ளை குனிந்தால் தெரியும் உயரத்தில், பெயின்ட் உரிந்திருந்தது. பெயின்டுக்கு அடியில் மண்டையோட்டின் பல் தெரிந்தது.

நிஷாந்தி சமையல் பக்கம் பார்த்துக் கத்திக் கூப்பிட்டாள்.

"கொதிக்க வச்சுத்தானே குடுத்தோம்?" என்றாள் சமையல் பார்க்கும் பேச்சியம்மா.

"மருந்து கொதிச்சாப் போயிருமாக்கா?"

ஆபீசுக்கு ஓடினாள். "நல்லாக் கழுவித்தான் அனுப்பினோம்" என்றார் கஜேந்திரன் கிளாக்கர். "அப்ப நீங்க ஒரு கோப்பை குடிங்க ஐயா" என்றாள். அவர் பிள்ளைகளை ஏற்றிப்போக லொறிக்குச் சொல்லிவிட்டார். பதினெட்டுப் பிள்ளைகளையும் டாக்டரிடம் காட்டி, இரத்தம் எடுத்து, எல்லாரும் அழுது, மறுகிழமை ஒன்றும் இல்லை என்று வந்தது. அதுவரை அவள் தூங்கவில்லை.

புதுப் பரல் வந்த அன்று தனுஷிகாவை மடியில் இருத்திக்கொண்டாள்.

"அத மொதல்லயே டீச்சர்கிட்ட சொல்லக் கூடாதா கண்ணு?"

"சொன்னேனே டீச்சர்" என்றது பிள்ளை. "நீங்க ஒக்காரச் சொன்னீங்க."

நிஷாந்தி பிள்ளையை இறக்கிவிட்டு, சுவரோரப் பாயில் போய்க் காலை மடக்கி உட்கார்ந்தாள். பேச்சியம்மா அகப்பையோடு வாசலில் நின்று பார்த்தாள். பதினெட்டும் சுற்றி நின்றன. சட்டம் சட்டம்தான். தனுஷிகா முன்னால் வந்து விரல் விட்டு எண்ணினாள். ஏழு அவளுக்கு எப்போதும் வராது. அதை விட்டுவிட்டுப் பத்துக்கு வந்தாள்.

"இப்ப எந்திரிங்க டீச்சர்" என்றாள்.