வீட்டுப்பாடக் கட்டம்

2009-இல் எங்கள் ஏழாம் வகுப்புக்கு வலைத்தளம் தொடங்க, கடலூரில் பெற்றோர் கூட்டம் வைத்தேன். பக்கத்துக் குடிகாடு கிராமத்து ரசாயன ஆலையில் ஷிஃப்டு முடித்து நேரே வரும் ஒருவர் எந்தக் கூட்டத்திலும் உட்காரமாட்டார். சட்டை நாற்றம் பிறருக்குத் தொந்தரவென்று சன்னலோரமே நிற்பார். தளத்தின் பக்கங்களைக் கட்டங்களாக வரைந்திருந்த தாளை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ‘வீட்டுப்பாடம்’ என்ற கட்டத்தில் அவர் விரல் நின்றது.

“தெனமும் இதுலயே வந்துடுமா சார்?”

“சாயந்தரமே வந்துடும். பிள்ளையக் கேக்கவே வேணாம்” என்றேன் பெருமையாக.

“வூட்டுக்குப் போனதும் இன்னிக்கி என்னா வீட்டுப்பாடம்னு கேப்பேன் சார். எம் பொண்ணு எங்கிட்ட பேசுறதே அது ஒண்ணுதான்.”

தளம் வந்தது. வீட்டுப்பாடத்தை மட்டும் மறுநாள் காலையில்தான் ஏற்றுவேன். தலைமையாசிரியர் என்னைச் சோம்பேறி என்றார். நான் மறுக்கவில்லை.