கும்மிப் பாட்டில் வந்த குழல்விளக்கு

அந்த அம்மா பாடும்போது நான் அவருடைய கண்ணைப் பார்க்கவில்லை. வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே தடுமாறுகிறார், எந்தச் சொல்லை அப்போதே யோசித்துப் போடுகிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பது மட்டுமே என் எண்ணம். இப்போது அந்தப் பாட்டுகளை நினைவுக்குக் கொண்டுவர முயன்றால் முதலில் வருவது என்னுடைய அந்தப் பார்வைதான்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. நான் கேரளத்தில், பாலக்காட்டை அடுத்த சிற்றூர் வட்டத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியர், வீடு கல்பாத்தியில். பெருமாட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு படைவீரர் இருந்தார். அறுபத்தைந்தாம் ஆண்டுப் போரில் பஞ்சாப் எல்லையில் நின்று, ஊருக்கு வந்துபோய், எழுபத்தொன்றில் நடந்த போரில் இறந்தவர். போரைப் பற்றிப் பாட்டுக் கட்டியவர். அவர் நினைவாக ஒரு வாயனசாலை, அதாவது நூலகம், கட்டி, பாட்டுகளையும் புத்தகமாகப் போட வேண்டும் என்று ஊரார் ஒரு குழு அமைத்தார்கள். குழுத் தலைவர் தென்னந்தோப்பும் வயலும் உள்ள பெரிய விவசாயி. என்னைத் தேடிவந்து, "புஸ்தக வேலையெல்லாம் உங்க பொறுப்புங்க. எங்களுக்கு அதெல்லாம் ஆகாதுங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

வீரர் படித்தது மலையாளப் பள்ளியில். தமிழ் எழுத்துத் தெரியாது. முகாமிலிருந்து அனுப்பிய இன்லண்டு கடிதங்களில் தமிழ்ப் பாட்டுகளை மலையாள எழுத்தில் எழுதியிருந்தார். அவற்றைத் தமிழ் எழுத்துக்கு மாற்றுவது எனக்கு எளிது. தாய்நாடு, கொடி, வெற்றி என்று எல்லாம் அணிவகுப்பில் நிற்பதுபோல விறைப்பாக நின்றன. அவற்றில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

மற்றவை அவர் மனைவியின் வாயில் இருந்தன. விடுமுறையில் வந்தபோது அவர் பாட, மனைவி கேட்டுப் பிடித்துக்கொண்டவை. அவற்றை அந்த அம்மா தெருப் பெண்களின் கும்மியில் இறக்கிவிட்டார். கும்மியில் அவர்தான் முன்பாட்டு. மற்றவர்கள் பின்பாட்டு வாங்குவதோடு சரி; கண்ணிகள் முழுதும் முன்பாட்டுக்காரியிடம்தான் இருக்கும்.

முதல் நாள் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து பாடிக் காட்டினார்.

"கோதுமைக் காட்டுக்குள்ளே கூனிக்கூனிப் போனேனடி,
நாத்துநடும் பொம்பளையா நாம்பொறந்தாத் தேவலடி."

துப்பாக்கி பிடித்த ஆண் இப்படிச் சொல்வானா? சந்தேகம் அங்கே தொடங்கியது. இது நாற்று நட்டு இடுப்பு நொந்த ஒருத்தியின் வாக்காகத்தான் இருக்கும் என்று பட்டது. பாட்டின் கடைசிக் கண்ணியில் வாசலில் துள்ளும் கன்றுக்குட்டி வந்தது. திரும்பிப் பார்த்தேன். கட்டுத்தறியில், பிறந்து மாதம் ஆகாத கன்று நின்றது. கணவர் இறந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

கையிலிருந்த காகிதத்தில் அந்தக் கன்றுக்குட்டிக் கண்ணியை மட்டும் எழுதிக்கொண்டேன். மற்றவற்றை, உண்மை என்று தெரிந்தபிறகு எழுதலாம் என்று விட்டுவிட்டேன்.

சில வாரம் கழித்துப் போய், முன்பு கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல் அதே பாட்டைப் பாடச் சொன்னேன். மற்றதெல்லாம் அப்படியே வந்தது. கடைசியில் கன்றுக்குட்டியைக் காணோம். வாசலில் காயப்போட்டிருந்த நிலக்கடலை வந்திருந்தது. அதையும் எழுதிக்கொண்டேன். பேருந்தில் திரும்பும்போது, பரீட்சையில் காப்பியடித்த மாணவனைக் கையும் களவுமாகப் பிடித்தது போன்ற மனநிலையில் இருந்தேன்.

மூன்றாவது முறை புதிதாகக் கட்டிய வாயனசாலைக்கு வரச் சொன்னேன். குழுவினர் எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் நடுவே பாடக் கூச்சப்பட்டு, அந்த அம்மா சுவரைப் பார்த்து நின்று பாடினார். கடைசியில் நான் எதிர்பார்த்தது வந்தது.

"எண்ணெயில்லா வெளக்கெரியும் எங்களூரு மண்டபமே,
கண்ணாடிக் கொழலுபோலக் காலமெல்லாம் வாழணுமே."

தலைக்கு மேலே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

"உங்க வீட்டுக்காரர் இருந்தப்போ இந்தத் தெருவுக்குக் கரண்ட் வந்திருந்ததா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க."

"அப்போ இந்த விளக்கு அவர் பாட்டுல எப்படி வந்தது?"

கேள்வியே புரியாதவர்போல என்னைப் பார்த்தார். "அது நாந்தானுங்க போட்டேன்."

"கன்றுக்குட்டி?"

"அதுவும் நாந்தானுங்க."

"போதும்மா. நீங்க போகலாம்" என்றேன்.

ஏன் போட்டீர்கள் என்று அடுத்து ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டதால் கேட்கத் தோன்றவில்லை. அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

புத்தகம் கடிதப் பாட்டுகளோடு மட்டும் வந்தது. 'வீரர் பாடியதாகச் சிலர் கூறும் பாடல்கள் ஆராய்ச்சியில் நிற்காததால் விலக்கப்பட்டன' என்று முன்னுரையில் எழுதினேன். திறப்பு விழாவில் அந்த அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பாடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அடுத்த வாரமே டீக்கடையில் பேச்சுக் காதில் விழுந்தது.

"ஏப்பா, அது பட்டாளத்தான் பாட்டா, பொண்டாட்டி பாட்டா?"

"வாத்தியாரு புடிச்சுப்போட்டாரல்ல. அவ கட்டிவுட்டதாமா. புருசன் பேர்ல ஓட்டிட்டு இருந்திருக்கறா."

நான் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். மறுத்துச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. மாரியம்மன் நோன்பில் கும்மிக்கு முன்பாட்டு வேறொரு பெண்ணுக்குப் போயிற்று என்று கேள்விப்பட்டபோதும், அது நியாயம்தான் என்றே நினைத்தேன்.

தைப்பொங்கலுக்குத் தலைவர் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அப்போதுதான் ஸ்கூட்டர் வாங்கியிருந்தேன். அதில்தான் போனேன். மாலையில் பெண்கள் வாசலில் கும்மியடித்தார்கள். முருகன் வள்ளியைத் தேடிவந்த கதை. என் பள்ளி நாளிலிருந்து காதில் விழுந்துவரும் பழைய பாட்டு. பாதி கவனத்தில் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். கடைசிக் கண்ணியில், "வாத்தியாரு வண்டியது வாசலிலே மின்னுதடி" என்று ஒரு குரல் எடுத்தது. பெண்கள் சிரித்துக்கொண்டே பின்பாட்டு வாங்கினார்கள்.

கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்தேன்.

"முருகன் பாட்டில என் ஸ்கூட்டர் எப்படி வந்தது?" என்று தலைவரிடம் கேட்டேன்.

"அது முடிப்புக் கண்ணிங்க. எந்த ஊட்டு வாசல்ல கும்மியடிக்கறாங்களோ, அங்க இருக்கறதை எல்லாஞ் சேத்து வாழ்த்திப் பாடி முடிப்பாங்க. ஆடு மாடு, தொட்டில் கொழந்தை, எதுவானாலும் வருமுங்க. ஏனுங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

"நீங்க படிச்சவங்க. புஸ்தகத்துக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியுமேன்னு இருந்துட்டேனுங்க. முடிப்பை வெட்டிப்போட்டு மீதியைப் போடுவீங்கன்னு நெனச்சேன். மொத்தத்தையும் தள்ளிப்போட்டீங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"நம்மாத்துக் கல்யாணத்துல நலங்குப் பாட்டுல சம்பந்தியோட பொடி டப்பாவை வெச்சுப் பாடினோமே, மறந்துட்டேளா? அந்தப் பாட்டு டப்பாவுக்காகவா பொறந்தது?"

அந்த நலங்கில் முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தவன் நான்.

மறுநாளே போயிருக்க வேண்டும். தை முழுதும் போகவில்லை. பள்ளி வேலை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். தவறை ஒப்புக்கொண்டால் முன்னுரையைத் திரும்பப் பெற வேண்டும். அந்த முன்னுரையை நான்கு பேர் பாராட்டியிருந்தார்கள்.

மாசியில் போனேன். அந்த அம்மா களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"என்மேல்தான் தப்பு. எல்லாப் பாட்டையும் எழுதிக்கொண்டு இன்னொரு பதிப்புப் போடுகிறேன். பாடுங்கள்" என்றேன்.

"உங்க வண்டி வாசல்ல நிக்குதுங்களே."

"ஆமாம்."

"பாடினா அதுவும் வந்துபோடுமுங்க. அப்பறம் அவரு ஸ்கூட்டரே பாத்ததில்லையேம்பீங்க."

"சொல்லமாட்டேன்."

"நீங்க சொல்லமாட்டீங்க. ஊர்ல சொல்லுவாங்க." முறத்தை ஒருமுறை தட்டினார். "அவரு பாட்டைப் பாடித்தானுங்க அவரு பேரைக் காப்பாத்திட்டிருந்தேன். இப்ப நான் வாயத் தொறந்தா அது பொய்யிங்கறாங்க. தொறக்காம இருந்தா அவரு பாட்டாவே இருந்துபோகும். போயிட்டு வாங்க."

பிறகும் போனேன். மோர் கொடுப்பார்; பள்ளியைப் பற்றி விசாரிப்பார்; பாட்டுப் பேச்சை மட்டும் எடுக்க விடமாட்டார். சில ஆண்டுகளில் காலமானார். முன்னுரை திருத்தப்படாமலே அந்தப் புத்தகம் வாயனசாலை அலமாரியில் இன்றும் இருக்கிறது.

கோதுமைக் காட்டு வரி இரண்டும் எப்படியோ மனத்தில் தங்கிவிட்டன. என்னிடம் எழுத்தில் இருப்பது அன்று சாட்சிக்காகக் குறித்துவைத்த காகிதம் ஒன்றுதான். கன்றுக்குட்டியும் நிலக்கடலையும் குழல்விளக்கும் அதில் பத்திரமாக இருக்கின்றன. எல்லாம் அந்த அம்மா போட்டவை. அவர் பாடிக் காப்பாற்றிய கணவரின் கண்ணிகளை நான் எழுதவில்லை.